தேயாத பிரேக்

ஆகஸ்ட் 6, புதன்

சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது சர்வீஸ் சென்டர் ஆள் வந்து நின்றான், என் வீட்டுக்காரருடைய சிவப்புக் காரை எடுத்துப்போக.

அவர் எங்கள் பம்ப் ஆலையின் சார்பில் ராஜ்கோட் கண்காட்சிக்குப் போயிருக்கிறார். வண்டி காலையில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது ஒரு குதி குதிக்கிறது, ஆள் வருவான், சாவியைக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். "நீ போகோணும்னு இல்ல அம்மிணி" என்றும் சேர்த்துக்கொண்டார். நான் போகிறேன் என்று சொல்லவே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்கு பதில்? என் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அங்கே ஜெரால்டு என்று ஓர் அட்வைசர். கழுத்துப்பட்டை, வேகமான பேச்சு. காபி கொடுத்து உட்கார வைத்தார். பிறகு வந்து, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் கருகிவிட்டது என்றார். ஒரு சின்னக் குப்பியில் எடுத்துவந்து காட்டினார். டிக்காஷன் நிறம், தீய்ந்த வாடை. கணினியில் பார்த்ததில் வண்டி ஏறக்குறைய எப்போதும் ஸ்போர்ட் மோடில்தான் ஓடியிருக்கிறதாம். அதில் போட்டால் கியர் சீக்கிரம் மேலே ஏறாது, இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் முந்துவதற்கு அது சுகம். ஊருக்குள் நெரிசலிலும் அதிலேயே வைத்திருந்தால் எண்ணெய் ஆறவே ஆறாது.

கை தவறி அமுங்கியிருக்கும் என்றேன்.

"சான்ஸே இல்ல மேடம். வண்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா தானா நார்மலுக்கு வந்துடும். ஒவ்வொரு தடவையும் யாராவது கையால அமுக்கணும்."

யாராவது. அந்த வண்டியை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஐம்பதாவது வயதில் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து நிறைகுடம் தூக்கிப் போகிறவர் மாதிரிதான் ஓட்டுவார். லாரிகள்கூட முந்திப் போகும்.

எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும் என்றார் ஜெரால்டு. காத்திருந்த நேரத்தில் கையேட்டைப் படித்திருந்தேன்; ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்றல்லவா போட்டிருக்கிறது என்றேன். "யாரோட ஆயுள்னு போடலியே மேடம்" என்று சிரித்தார். விற்கத் தெரிந்தவர். வீட்டுக்காரர் வந்து முடிவு செய்யட்டும், வண்டியை இப்போதைக்கு வீட்டில் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஃபோனில் சொன்னேன். "நீ எதுக்குப் போனே?" என்பதுதான் முதல் கேள்வி. வண்டிக்கு என்ன என்பது அதற்குப் பிறகு. ஸ்போர்ட் மோடு பற்றிக் கேட்டதும், எண்ணெய் விற்பதற்கு அந்தப் பசங்கள் ஆயிரம் சொல்வார்கள் என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் சொன்ன பிறகு அப்படித் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று இரவு வந்தார். பெட்டியைப் பிரித்துத் துவைக்கப் போட்டேன். புதிதாக ஆறு ஜோடி சாக்ஸ். சாம்பல் நிறம், பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது, மேலே எலாஸ்டிக் இல்லை. இந்த மனிதருக்கு ஒரு கைக்குட்டை வாங்கத் தெரியாது. இதை யாரோ பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் சாக்ஸ், படுக்கையிலும் சாக்ஸ். கேட்டால் ஏசி குளிர்கிறதாம். அதற்காகவே முன் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டு மாதக்கணக்காகிறது. யோசித்துப் பார்த்தால் பங்குனியில் எங்கள் மாரியம்மன் கோயிலில் குண்டம் இறங்கியதிலிருந்தே ஆள் ஒரு மாதிரிதான். தணல் நிறைந்த பூக்குழியில் அப்படி நிதானமாக யாரும் நடந்து பார்த்ததில்லை என்று ஊரே பேசியது. அந்தப் பெருமையில் கொஞ்சம் விலகி நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

விடிந்ததும் கார் கிளப் நண்பர்களோடு மேட்டுப்பாளையம் பக்கம் போய்வந்தார். ஞாயிறு தவறாமல் போகிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அவருடைய சர்க்கரை மாத்திரை டப்பாவை நிரப்பினேன். துணி தேய்ப்பவர் ஒரு புடவையைக் கருக்கிவிட்டார்.

சாப்பாட்டு மேசைக்கு அவர் ஒரு செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று ஹால் நடுவில் கிடந்தது. நான் சொல்லும்வரை தெரியவில்லை. யாரை நினைத்துக்கொண்டு நடக்கிறாரோ.

ஆகஸ்ட் 15, வெள்ளி

திருமண வரவேற்பில் சிந்துஜாவைப் பார்த்தேன். அவள் கணவர்தான் கார் கிளப்பின் செயலாளர். கை கழுவும் இடத்தில் கேட்டாள்.

"வேலண்ணன் எங்க மேல கோவமுங்களாக்கா? சித்திரைக்கப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை கூட வர்றதில்லீங்களே."

கோபமெல்லாம் இல்லை, ஆலையில் வேலை என்றேன். எவ்வளவு சுலபமாக எனக்கும் பொய் வருகிறது.

ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

போர்டிகோவுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் வண்டியை நகர்த்தச் சொன்னார்கள். அவர் இன்று ஆலை வேனிலேயே போய்விட்டார். மேசையில் இன்னொரு சாவி இருந்தது.

முதல் தடவையாக அந்த ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பத்தடி பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தேன். கடைசியாக வழி கேட்ட இடங்கள்: பொள்ளாச்சி, பொள்ளாச்சி, பொள்ளாச்சி. கடைசியாகப் பேசியவர்கள்: ஆலை, வங்கி, நான். நடுநடுவே சாருமதி.

எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் சாருமதி என்று யாரும் இல்லை.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு பட்டைகள். வலப்பக்கத்தில் கூட்டல் குறி, இடப்பக்கத்தில் கழித்தல் குறி. கையாலேயே கியரை ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. வலது பட்டை புதிது மாதிரி இருந்தது. இடது பட்டையின் சாயம் போய் உலோகம் பளபளத்தது. பந்தயக்காரர்கள் கியரை இறக்கித்தான் வேகம் எடுப்பார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சிக்கு அவ்வளவு அவசரம்.

மகளிர் கல்லூரியில் பதினோரு வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்பதுதான் முதல் பாடம். மாணவிகள் தலையாட்டுவார்கள். நானும் என் பாடத்துக்கு ஒரு தரம் தலையாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடிகாலையில் கிளம்பிப் பத்தரைக்குத் திரும்பினார். மாடியில் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தெருமுனையிலேயே உறுமி உறுமி அடங்கி, கேட் முன்னால் வந்ததும் உள்ளே ஒரு மணி டிங் டிங் என்று அடித்தது. பிறகு வெடுக்கென்று நின்றது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. என்ன மணி என்று கேட்டேன். சென்சார் என்றார்.

கிளப்பில் எல்லோரும் நலமா என்றேன். நலம், சிந்துஜா உன்னைக் கேட்டாள் என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்றுச் செய்த கொழுக்கட்டை மீந்துவிட்டது. ஒரு டப்பாவில் போட்டு ஜெரால்டுக்குக் கொண்டுபோனேன். உளவு பார்க்கப் போகிறவள் கையில் பலகாரம் இருக்க வேண்டும்போல.

சிவப்பு வண்டியை எவ்வளவு வேகமாக ஓட்டியிருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டேன். ஜெரால்டு டப்பாவை ஓரமாக வைத்தார். பிறகு தனக்கே ஒன்று புரியவில்லை என்றார். அன்று சக்கரங்களைக் கழற்றிப் பார்த்ததில் பிரேக் பேடு கொஞ்சம்கூடத் தேயவில்லையாம். பங்குனியில் நடந்த சர்வீஸில் குறித்த அளவும் இப்போதைய அளவும் ஒன்றேதானாம்.

"ஸ்போர்ட்ல விரட்டுறவங்களுக்கு முதல்ல போறதே பேடுதான் மேடம். கியர்பாக்ஸ் கருகியிருக்கு, பிரேக் புதுசா இருக்கு. சார் வண்டிய எப்படித்தான் நிறுத்துறார்?"

எண்ணெய் விற்பதற்குக் கதை சொல்கிறாரோ என்று இதிலும் ஒரு சந்தேகம். ஆனால் பேடு விற்க நினைப்பவர் தேய்ந்துவிட்டது என்றுதானே சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

காரின் திரையில் பார்த்த சாருமதியின் எண்ணுக்கு என் ஃபோனிலிருந்து அழைத்தேன். "சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத குரல். யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லலாம், கேட்டுக்கொள்கிறேன் என்பது மாதிரி. இப்படி ஒரு குரல் இருந்தால் யாருக்கும் பேசத்தான் தோன்றும். வைத்துவிட்டேன்.

இருபத்துமூன்று வருடத்தில் நான் அவரிடம் அப்படி "சொல்லுங்க" என்று சொன்னதுண்டா?

ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுத உட்கார இவ்வளவு நேரமாகிவிட்டது.

காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நான் வண்டிக்குள் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தில் எரிச்சலைவிட பயம்தான் தெரிந்தது. எங்கே என்று கேட்டார். நீங்கள் எப்போதும் போகும் இடத்துக்கே போகலாம் என்றேன். கொஞ்ச நேரம் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஏறினார். வண்டியைக் கிளப்பியதும் விரல் தானாக ஸ்போர்ட் பட்டனுக்குப் போனது. நான் பார்ப்பதைப் பார்த்தார், ஆனாலும் அமுக்கினார்.

பொள்ளாச்சிப் பக்கம் திரும்பவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி மலையேறினார். என்னை ஏமாற்ற எடுத்த வழி என்று நினைத்தேன். மேலே ஒரு கடையில் டீ குடித்தோம். இதற்கு முன்பு நாம் இங்கே எப்போது வந்தோம் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியும்.

இறங்கும்போதுதான் அவர் காலைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஜெரால்டு கேட்ட கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவு, இன்னொன்று, இன்னொன்று. கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்குவார். இடது கை அந்தக் கழித்தல் பட்டையை இழுக்கும். வண்டி உறுமிக்கொண்டு தானாகவே தளரும். இன்னொரு இழுப்பு, இன்னும் தளரும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரேக் போடமாட்டீர்களா என்று கேட்டேன். மலை இறங்கும்போது கீழ் கியரில் இறங்க வேண்டும் என்று போர்டே வைத்திருக்கிறார்களே என்றார். ஆமாம், வைத்திருக்கிறார்கள். பாதி நம்பிவிட்டேன்.

மலை முடிந்து சமதளம் வந்தது. இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. ஒரு வளைவில் திரும்பினால் ரோடு முழுக்க ஆடுகள்.

பட்டையை இழுத்தார், மறுபடி இழுத்தார். வண்டி அலறியது, தளர்ந்தது, ஆனால் போதவில்லை. அவர் தொடை இறுகுவதைப் பார்த்தேன். முழு பலத்தோடு எதையோ மிதிக்கிறார், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு இடது கை எங்கோ கீழே பாய்ந்து ஹேண்ட் பிரேக் பட்டனை இழுத்துப் பிடித்தது. அந்த மணி அடித்தது. பெல்ட் என் தோளை அறுத்தது. நின்றோம். முன்பக்கக் கண்ணாடிக்கு நேராக ஓர் ஆட்டின் முகம் தெரிந்தது, அது இலையை மென்றுகொண்டிருந்தது.

ஆடு ஓட்டிவந்த பெண் பானட்டில் குச்சியால் ஒரு தட்டு தட்டினாள். "ஏஞ்சாமி, கண்ணு பொடனிலயா இருக்குது? பெரிய காருன்னா ஆடுக எந்திரிச்சு நின்னு கும்பிடோணுமா?" எந்த ஆட்டுக்கும் எதுவும் ஆகவில்லை. அவள் திட்டிக்கொண்டே போனாள்.

அவர் அசையவில்லை. தொடை இன்னும் இறுகித்தான் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது அவர் கால்.

"வண்டி நின்னுருச்சுங்க. காலு எங்க இருக்குதுன்னு பாருங்க."

குனிந்து பார்த்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த முகத்தை எழுத வரவில்லை.

பதினெட்டு நாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"சாருமதி யாருங்க?"

"டாக்டரு. பொள்ளாச்சில. ஞாயித்துக்கிழமைதான் பாப்பாங்க."

"எதுக்கு?"

"ரெண்டு காலும் மரத்துப்போச்சு அம்மிணி."

தோப்போரமாக வண்டியை நிறுத்தி, அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பங்குனியில் குண்டம் இறங்கியபோது சூடே தெரியவில்லையாம். மற்ற வருடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியவர், இந்தத் தடவை பூ மேலே நடப்பது மாதிரி இருந்ததால் நிதானமாக நடந்தார். அம்மன் வந்து இறங்கிவிட்டாள் என்றே நினைத்தார். கரையேறியதும் பங்காளிகள் எல்லோரும் காலில் விழுந்து விபூதி வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் உள்ளங்காலில் தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்தாராம். வலிக்கவே இல்லை. பன்னிரண்டு வருடச் சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

"ஊரே சாமின்னு கும்பிட்டுட்டுது. வியாதின்னு எப்படிச் சொல்றது?"

வண்டியை அப்போதே விட்டிருக்கலாமே என்றேன். காலைத் தூக்கினால் முழங்கால் சொல்லிவிடுகிறது, எவ்வளவு அமுக்குகிறோம் என்பதுதான் தெரிவதில்லை என்றார். ஸ்போர்ட்டில் போட்டால் காலைத் தூக்கினாலே வண்டி தளரும். மீதிக்குக் கை இருக்கிறது. அவரே கண்டுபிடித்த முறை. ஆலையில் ஓர் இயந்திரம் பழுதானால் அடுத்த இயந்திரத்தை வைத்து ஓட்டுகிற மாதிரி ஓட்டியிருக்கிறார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இன்னொரு பெண் இல்லை என்பதில் எனக்கு வந்த நிம்மதியை இங்கே எழுதத்தான் வேண்டும். முதலில் அதுதான் வந்தது. ஆடுகளும், ரோட்டில் நடக்கும் பிள்ளைகளும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தார்கள்.

குண்டம் இறங்கிய அன்று முதல் ஆளாக அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டது நான். அந்தக் கால் வெந்திருந்தது. என் கையும் எதையும் கண்டுகொள்ளவில்லை.

வீடுவரை நான்தான் ஓட்டினேன். நார்மலில்.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டு சாவிகளையும் வாங்கிக்கொண்டேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று இங்கேகூட எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆலையிலிருந்து ஆள் வந்து அவரை அழைத்துப்போகிறான், கொண்டுவந்து விடுகிறான். மாலையில் செடிக்குத் தண்ணீர் விடப் போகும்போது சிவப்பு வண்டியின் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நாளைக்கும் பார்ப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பொள்ளாச்சிக்கு என் வண்டியில் போனோம். சாருமதிக்கு என்னைவிட வயது அதிகம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அந்த "சொல்லுங்க" எல்லோருக்குமானது. எனக்கும் கிடைத்தது.

டாக்டரிடமும் இவர் பொய்தான் சொல்லியிருக்கிறார். டிரைவரோடுதான் வருகிறேன் என்று. டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னோடு சேர்ந்து ஏமாந்த இன்னொரு பெண்ணைப் பார்த்ததில் எனக்கு ஏனோ ஓர் ஆறுதல்.

கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். படும்போது சொல்ல வேண்டும். தொட்டபோது இவர் பேசாமல் இருந்தார், தொடாதபோது இரண்டு தடவை "ம்" என்றார். போன நரம்பு திரும்புவது அரிது, மரப்பு மேலே ஏறாமல் நிறுத்தலாம் என்றார் டாக்டர். இவர் விடவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் வையுங்கள், தேறிவிட்டால் ஓட்டலாம்தானே என்று பத்தாம் வகுப்புப் பையன் மாதிரி கேட்டார். தெளிவாகத் தெரிந்தால் யோசிக்கலாம் என்று நவம்பர் ஒன்பதாம் தேதியைக் கொடுத்தார்கள்.

தினமும் மாலையில் நான் பாதத்தைப் பார்க்க வேண்டும். விரலிடுக்கு, குதிகால், எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று. பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்ள, ஒவ்வொரு விரல் நுனியிலும் லேசாகத் தொட வேண்டும். பட்டால் "ம்" சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியாயிற்று. பழையது தார் மாதிரி ஒழுகியது. ஃபில்டரையும் அடித்தட்டையும் மாற்றினார்கள். இனிமேல் ஓட்டப்போவது நான்தான் என்றேன். ஜெரால்டு ஏன் என்று கேட்கவில்லை, அந்த நாகரிகம் அவரிடம் இருக்கிறது. ஆனால் பிரேக் விஷயம் இன்னும் அவர் கண்ணில் இருந்தது.

கூட உட்கார்ந்து அவிநாசி ரோட்டில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளப்பியதும் விரட்டக் கூடாது, எண்ணெய் சூடாகக் கொஞ்சம் விட வேண்டும். முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸில் போட வேண்டும். முந்தவும் மலை இறங்கவும் ஸ்போர்ட், சிக்னலும் நெரிசலும் வந்தால் நார்மல். ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பதை மறந்துவிட்டு, அறுபதாயிரம் கிலோமீட்டரில் மறுபடி கொண்டுவரச் சொன்னார்.

ஓர் இடத்தில் ஸ்போர்ட்டில் போட்டுக் காலை அமுக்கினேன். முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்துப் பிடித்த மாதிரி இருந்தது. உள்ளங்காலில் இன்ஜினின் அதிர்வு ஏறி வந்தது. இதைத்தான் அவர் இழந்திருக்கிறார். அந்த வண்டியை ஓட்டும்போதும் அவருக்கு இது கிடைக்கவில்லை, பிறகு எதற்காக ஓட்டினார் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வண்டிகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டும். ஆலையில் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, நான் போய் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்தேன். ஃபோர்மேன் அவரைப் பார்த்தார். அவர் மாலையைச் சரி செய்வது மாதிரி குனிந்துகொண்டார்.

கிளப்பும்போது கை தவறி ஸ்போர்ட் பட்டன் அமுங்கியிருக்கிறது. வண்டி ஒரே தாவலாகத் தாவிப் பழத்தோடு பூசணிக்காயையும் நசுக்கிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அம்மிணிக்கு ஆடும் தேவையில்ல, பூசணிக்காயே போதும்" என்று என் காதில் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் இருவருக்கு மட்டும் புரிகிற ஒரு பேச்சு.

அக்டோபர் 11, சனி

மாலையில் தொட்டுப் பார்க்கும்போது இடது பெருவிரலைச் சரியாகச் சொன்னார். மறுபடி தொட்டேன், மறுபடி சொன்னார்.

அக்டோபர் 16, வியாழன்

வலது காலிலும் இரண்டு விரல். சர்க்கரை அளவும் இறங்கியிருக்கிறது. வெந்தயம், நடை, மாத்திரை என்று ஒன்றையும் விடவில்லை மனிதர். டாக்டருக்கு ஃபோனில் சொன்னேன். அப்படியா என்றார். அந்த "அப்படியா" எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிப் பலகாரத்தில் அவர் கை வைக்கவில்லை. அதிரசத் தட்டை நானே அலமாரிக்குள் ஒளித்தேன், எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை.

முன் அறையிலிருந்து படுக்கை திரும்பி வந்துவிட்டது.

அக்டோபர் 30, வியாழன்

இப்போதெல்லாம் ஒன்றுகூடத் தவறுவதில்லை. தொட்ட கணத்தில் "ம்" வருகிறது. டெஸ்ட் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி போகலாம், ஏறும்போது நீ ஓட்டு, இறங்கும்போது நான் என்று திட்டம் போடுகிறார். எண்ணெய் மாற்றிய பிறகு கியர் வெண்ணெய் மாதிரி விழுமே என்று ஆசையாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இப்படி ஒரே சீராக ஏறுகிற எண்களை எந்த மாணவி கொண்டுவந்தாலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. எப்படி எடுத்தாய் என்று கேட்டு உட்கார வைத்திருக்கிறேன். என் புத்தி ஏன் இப்படி என்று அலுப்பாக இருக்கிறது. நன்றாக நடப்பதைக்கூட விட்டுவைப்பதில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை. மின்சாரம் போய் மாலையில்தான் வந்தது. அவர் சீக்கிரம் வந்துவிட்டார். பாதங்களைத் துடைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்பதால் இன்று இரண்டு தடவை செய்யலாம் என்றார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் தடவை எல்லாம் சரி. எந்த விரலைத் தொட்டாலும் "ம்".

இரண்டாவது தடவைக்கு முன் விசிறி நின்றது. மறுபடி மின்சாரம் போய்விட்டது. மழையும் விட்டிருந்தது. வீடு அப்படி ஓர் அமைதிக்கு வந்தபோது, சுண்டுவிரலைத் தொடக் கையை நீட்டினேன். என் வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. விரல் போய்ச் சேர்வதற்கு முன்பே "ம்" வந்துவிட்டது.

கையை இழுத்துக்கொண்டேன். மேலே தூக்கி, எதையும் தொடாமல், மணிக்கட்டை மட்டும் அசைத்தேன்.

"ம்."

அவர் முகத்தில் கள்ளம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. உன்னிப்பாக, நம்பிக்கையோடு, பரீட்சை எழுதுகிற முகமாகத்தான் இருந்தது.

வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புடவைமேல் வைத்தேன். பெருவிரலைத் தொட்டேன். பதில் இல்லை. அடுத்த விரல், அதற்கடுத்தது. வலது காலுக்கு மாறினேன். நுனி விரலால் தொட்டேன், பிறகு அழுத்தினேன், பிறகு நகத்தால் கீறினேன். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவருடைய இரண்டு உள்ளங்கால்களோடும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டேன். ஈரத்தில் நடந்து வந்த கால், குளிர்ந்திருந்தது. என் கையின் சூடு அதில் ஏறும்வரை பிடித்திருந்தேன்.

அவர் கண்ணைத் திறக்காமல், சிரித்தபடி கேட்டார்.

"ஏன் அம்மிணி, இன்னும் ஆரம்பிக்கலியா?"